காம்பைப் பிடி

அன்று காலை ஒன்பதரைக்கு அந்த அறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பேராசிரியர் மக்லாரன், சன்னல் ஓரம், கையைக் கட்டிக்கொண்டு. அவரிடம் ஆராய்ச்சி செய்யும் ஐலா, இருபத்தாறு வயசுப் பெண். ஐஸ் பெட்டியைத் தூக்கிவந்த ஆஸ்பத்திரி போர்ட்டர் ஜிம், போகச் சொல்லியும் போகாமல் கதவில் சாய்ந்திருந்தார். நான், கண்ணாடிப் பாத்திரம் கழுவுகிறவள். பெட்டிக்குள் கட்டைவிரல் நகம் அளவு சதை, யாரோ ஒருவருடைய இதயத்திலிருந்து அப்போதுதான் வெட்டி எடுத்தது. அதையும் ஒரு ஆளாகத்தான் எண்ணுவேன். ஆக ஐந்து பேர்.

கிளாஸ்கோவுக்கு வந்து ஏழு வருசம் ஆகியும் எனக்குப் பழகாதது இதுதான். அந்தச் சதையின் சொந்தக்காரர் சாகவில்லை. இதய ஆபரேஷனில் குழாய் சொருகும்போது ஓரத்தில் ஒரு துண்டு வெட்டுவார்கள். வீணாகப் போகிற துண்டு. நோயாளியிடம் முன்னமே கையெழுத்து வாங்கி அதை ஆராய்ச்சிக்குத் தருவார்கள். ஆள் மூன்றாம் மாடியில் கண் விழிப்பார். அவர் சதை கீழே எங்கள் அறையில் துடித்துக்கொண்டிருக்கும். நம் ஊரில் வெட்டியது வெட்டியதுதான், குழம்புக்குப் போகும், அல்லது குழிக்குப் போகும். இங்கே மூன்றாவதாக ஒரு இடம் வைத்திருக்கிறார்கள்.

உயிரோடு வைப்பது இப்படி. சதையை மெல்லிய நாராக அறுப்பார்கள். ஒரு முனையைக் கொக்கியில் மாட்டி, மறு முனையை நூலில் கட்டி, கண்ணாடிக் குழாய்க்குள் தொங்கவிடுவார்கள். குழாயில் உப்பும் சர்க்கரையும் அளந்து கலந்த தண்ணீர், உடம்புச் சூட்டில். அடியிலிருந்து ஆக்சிஜன் குமிழ் வந்துகொண்டே இருக்கும். நொடிக்கு ஒரு தரம் மின்சாரம் லேசாகத் தட்டும். தட்டும்போதெல்லாம் நார் சுருங்கும், பேனா காகிதத்தில் ஒரு மேடு வரையும். பிறகு மருந்தை விட்டுப் பார்ப்பார்கள். அதற்கு ஆறு மணி நேரமாவது நார் தாங்கவேண்டும். ஐலாவின் நார்கள் பெரும்பாலும் மத்தியானச் சாப்பாட்டுக்குள் நின்றுவிடும். அவள் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவி வருவாள். நான் குழாயைக் கழுவுவேன்.

சேர்ந்த இரண்டாம் மாதம் நான் ஒரு தப்பு செய்தேன். மறைக்கப்போவதில்லை. பெட்டி வந்த நேரம், ஐலாவுக்குப் போன் வந்து வெளியே போய்விட்டாள். சதை கிண்ணத்தில் ரத்தத்தோடு கிடந்தது. எங்கள் வீட்டில் கறி வந்தால் முதல் வேலை, தண்ணீர் தெளிகிறவரை மூன்று அலசு அலசுவது. உத்தமபாளையத்தில் எந்த வீட்டுப் பெண்ணைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வாள். தண்ணீர்க் குழாயைத் திறந்தேன். மூன்று தரம் அலசினேன். வெளுத்துச் சுத்தமாக வைத்தேன். ஐலா வந்து பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். உப்பில்லாத தண்ணீரைக் குடித்துச் சதை ஊதிச் செத்துப்போகும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பேராசிரியர் வந்து ஏன் செய்தாய் என்றார். "க்ளீன்" என்றேன். எனக்கு இருந்த இங்கிலீஷ் அவ்வளவுதான். நான் கேலி செய்கிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். இனிமேல் கண்ணாடியை மட்டும்தான் தொடவேண்டும் என்றார்.

மூன்று வருசம் கண்ணாடியை மட்டும் தொட்டேன். கண்ணை யாரும் கட்டவில்லை. ஐலா இடுக்கியால் சதையின் நடுவில் பிடிக்கிறாள் என்பதைப் பார்த்தேன். அழுத்திப் பிடித்து, திருப்பி, மறுபடியும் பிடிப்பாள். பார்க்கும்போதெல்லாம் என் கை கூசும்.

ஏனென்றால் நான் ஒன்பது வயசிலிருந்து திராட்சை வெட்டியவள். அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, அனுமந்தன்பட்டிப் பக்கம் ஒரு ஏக்கர் பந்தல். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு முழுநேரமும் பந்தலுக்கு அடியில்தான் நின்றேன். பன்னீர் திராட்சையின் மேல் மாவு தூவியது மாதிரி வெள்ளையாக ஒரு பூச்சு இருக்கும். விரல் பட்டால் போய்விடும். விரல் தடம் பார்த்தால் கேரளா வியாபாரி பெட்டியைத் தள்ளி வைத்துவிடுவார். பட்ட இடத்தில்தான் பழம் முதலில் அழுகும். எங்களோடு வெட்டிய மாரியம்மா அக்காவின் வாய்க்குப் பயந்தே எல்லாரும் ஒழுங்காக வெட்டுவோம். "ஏ புள்ள, என்னத்துக்குப் பழத்தத் தடவுற? அது என்ன ஒன் மச்சான் கன்னமா? காம்பப் புடி" என்பாள். பந்தலே சிரிக்கும்.

ஊரில் என் அக்காவுக்கு இந்த வேலை பிடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை போன் கார்டு போட்டுப் பேசும்போது ஆரம்பித்துவிடுவாள்.

"மனுசக் கறியத் தொட்டுட்டு வந்து எப்புடிடி சோறு பொங்குற?"

"கையக் கழுவிட்டு."

"அம்மா கேட்டாகன்னா உசுர விட்டுருவாக. வேற வேலையே இல்லையா அங்கன?"

"இருக்கு. இது நல்லா இருக்கு."

"நல்லா இருக்காம்ல. வெட்டி எடுத்தத வேற எடத்துல கொண்டுபோய்த் தொங்கவிட்டா எம்புட்டு நேரந்தான் துடிக்கும்? நீயே சொல்லு."

ஒரு நாள் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன்.

பிறகு ஆட்டு இதயம் வாங்கி வீட்டில் அறுத்துப் பழகினேன். ஓரத்தில் வெள்ளையாகச் சவ்வு இருக்கிறது. துடிக்கிற சதை அது இல்லை. அதுதான் காம்பு. இரண்டு முனையிலும் சவ்வு விட்டு அறுத்தால், சதையைத் தொடாமலே தூக்கலாம், கட்டலாம். ஓட்டலில் சமையல் பார்க்கும் என் வீட்டுக்காரர் மூன்று வாரம் பொறுத்தார். "இன்னைக்கும் நெஞ்சுக் கறியா? ஓட்டல்லயே தின்னுட்டு வந்துர்றேன், தாயே" என்றார். நான் நிறுத்தவில்லை.

திங்கட்கிழமை பேராசிரியர் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. ஒரே துண்டில் இரண்டு நார், ஒன்று ஐலா அறுக்கட்டும், ஒன்று நான் அறுக்கிறேன், என்னுடையது முதலில் நின்றால் லேப் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்றேன். இவ்வளவையும் இங்கிலீஷில் சொல்ல வழி நெடுக மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். உனக்கு இது வேலை இல்லையே என்றார். "சரி, சாவியை இப்போதே வாங்கிக்கொள்ளுங்கள்" என்று மேசையில் வைத்தேன். அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். புதன்கிழமை என்றார்.

வீட்டில் ஒரு சம்பளம்தான் என்றால் வாடகைக்கே பத்தாது, ஊருக்குத் திரும்பவேண்டியதுதான். இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் வைத்தேன்.

அந்தப் புதன்கிழமை காலையைத்தான் முதலில் சொன்னேன். ஐலா அறுத்தாள். நான் அறுத்தேன். இரண்டு குழாய், ஒரே தண்ணீர், ஒரே சூடு. சவ்வைப் பிடித்தே தூக்கினேன், கட்டினேன். இரண்டு நாரும் துடிக்க ஆரம்பித்தன. ஜிம் மட்டும் எனக்குக் கண் காட்டிவிட்டு மாடிக்குப் போனார். பன்னிரண்டேகாலுக்கு ஐலாவின் மேடு தாழ்ந்தது. ஒரு மணிக்குள் கோடாகிவிட்டது. அவள் முகம் கழுவப் போகவில்லை. நாற்காலியை இழுத்து என் குழாய்க்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். யாரும் சாப்பிடப் போகவில்லை.

நாலு மணியும் தாண்டியது, ஆறு மணி நேரம் ஆகிவிட்டது. எந்த லேபில் பயிற்சி எடுத்தாய் என்று பேராசிரியர் கேட்டார். பந்தல் என்றேன். இந்தியாவில் அப்படி ஒரு ஊர் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு தலையாட்டினார். நான் திருத்தவில்லை. தண்ணீர் என் தப்பு, பிடி உங்கள் தப்பு என்றேன். அதற்கும் தலையாட்டினார். பையிலிருந்து சாவியை எடுத்து மேசையில் என் பக்கம் தள்ளினார்.

ஜிம் திரும்பி வந்தார். அந்த ஆள் எப்படி என்று கேட்டேன். கண் விழித்துவிட்டாராம், மனைவியைப் பேர் சொல்லிக் கேட்டாராம். அவர் மேலே. அவருடையது கீழே, என் நூலில். இரண்டும் துடித்தன. ஒன்று இல்லாததால் இன்னொன்று நிற்கவில்லை.

ஏழு மணி நேரத்தில் பேராசிரியர் போதும் என்று மின்சாரத்தை நிறுத்தினார். அதுவாக நிற்கவில்லை. காகிதச் சுருளை நான் வாங்கிவந்தேன்.

வெள்ளிக்கிழமை அக்கா வேறு பேச்சுப் பேசினாள். பந்தலில் பழம் வெட்டு ஆரம்பித்துவிட்டதாம், ஆள் பத்தவில்லையாம், வர்றியா என்றாள். என் கை தானாகக் காம்பு பிடிக்கிற மாதிரி மடங்கியது. முதலில் நீ கேட்டதற்குப் பதில் என்றேன். என்ன கேட்டேன் என்றாள். வெட்டி எடுத்தது வேறு இடத்தில் எவ்வளவு துடிக்கும் என்று. நிமிடத்துக்கு அறுபது, ஏழு மணி நேரம்.

இருபத்தையாயிரத்து இருநூறு.