சுவருக்கும் மூச்சு உண்டு

என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன், பிழைகளும் இருக்கும். பொறுத்துக்கொண்டு படியுங்கள். நடந்தால் கால் வலிப்பவர்களுக்காக எழுதுகிறேன். நேரில் சொல்ல எனக்குக் கூச்சம்.

மயிலாப்பூரில் பிளம்பர் வேலை செய்தேன். நூறடி நடந்தால் வலது கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். நின்றால் விட்டுவிடும். தொடைத் தமனியில் (காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்) அடைப்பு என்றார்கள். ஸ்டென்ட் (குழாயை விரித்துப் பிடிக்கும் கம்பிவலை) வைத்தார்கள்.

மருத்துவர் பீடியை விடச் சொன்னார்.

"புகை நெஞ்சுக்குத்தானே சார் போகுது? காலுக்கு இன்னா சார்?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "ரத்தக்குழாயோட சுவருக்கும் உயிர் இருக்கு. சுவருக்குள்ளயே முடி மாதிரி சின்னக் குழாய்ங்க ஓடுது. அதுங்கதான் சுவருக்கு ஆக்சிஜன் கொடுக்குது. பீடி அதுங்களைச் சுருக்கிடும். சுவர் மூச்சுத் திணறினா நோய் அங்கயே ஆரம்பிக்கலாம்."

தலையாட்டினேன். புரியவில்லை என்று சொல்லக் கூசியது. உப்பு அடைத்த பைப்புகளைக் குடைந்தே பிழைத்தவன் நான். பைப்பில் ஓடுவது தண்ணீர். சுவர் வெறும் இரும்பு. அடைப்பு எடுத்தாயிற்று, வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

அடுத்த மாதம் கோபாலபுரம் வரை நிற்காமல் நடந்தேன். அந்தச் சந்தோஷத்தில் மறுபடி பீடி பற்றவைத்தேன். என் மனைவி ஸ்டெல்லா சட்டைப்பையில் பீடிக்கட்டைப் பார்த்துவிட்டாள்.

"இன்னாய்யா இது? டாக்டர் சொன்னது காதுல ஏறலியா?"

"லைன் கிளியரா கீது, ஸ்டெல்லா."

"ஆமா, பெரிய லைன்! மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்த மாட்ட, இத்தை மட்டும் ஏத்திக்கினே இரு!"

நான்காம் மாதம் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்தது. கால்விரல்கள் கறுத்தன. முட்டிக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். மருத்துவர் சொன்னது அப்போதுதான் புரிந்தது. நான் புகையால் நெரித்தது உயிருள்ள ஒன்றை.

அன்றே பீடியை விட்டேன். இப்போது இடது கெண்டைக்காலும் பிடிக்கிறது.

"இதையாவது காப்பாத்திடலாமா சார்?"

"தள்ளிப்போடப் பார்க்கலாம். உறுதியா சொல்ல முடியாது."

ஊன்றுகோல்களோடு தெருமுனை வரை போகிறேன். வலி வந்ததும் நிற்கிறேன். அவசரப்படுத்துவதில்லை, கால் 'போகலாம்' என்று சொன்ன பிறகுதான் நகர்கிறேன். போன மாதம் ஒரு தடவை நின்றேன். இன்று அதே தூரத்துக்கு மூன்று தடவை.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள்.