நடக்க வந்தவர்களின் கார்கள்

நசுங்கிய சாமந்தி வாசனை.

நேற்று அம்பத்தூர் ஓ.டி.யில் பஸ்ஸுக்கு நிற்கிறேன். பூக்காரம்மா வாடிப்போன மிச்சத்தை ரோட்டோரம் கொட்ட, ஒரு கார் அதன் மேல் ஏறிப் போனது. அவ்வளவுதான். பூவும் டயரும் ஈரமும் கலந்து மூக்கில் ஏற, போன ஞாயிற்றுக்கிழமையின் கோபம் அப்படியே திரும்பி வந்தது.

எங்கள் ஏரியாவில் ஒரு நடைக் குழு இருக்கிறது. ஞாயிறு மாலைகளில் ஆவடியைத் தாண்டி, இன்னும் பிளாட் போடாமல் தப்பித்திருக்கும் வயல், வரப்பு, ஏரிக்கரை என்று எங்காவது போய் நடப்போம். மார்பில் 'காலே துணை' என்று எழுதிய பச்சை டீ-ஷர்ட் எல்லோருக்கும் உண்டு. 'காரை விடு, காலை நம்பு' — இது வாட்ஸ்அப் குரூப்பின் முழக்கம்.

நல்ல முழக்கம்தான். என்ன, அதை நிறைவேற்ற எல்லோரும் காரில் வருவார்கள். ஆளுக்கொரு காரில்!

என்னிடம் கார் இல்லை என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். ஆவடி வரை ரயில், அப்புறம் பொடிநடை. போன ஞாயிறு ரயில் லேட். பருத்திப்பட்டுக்கு அப்பால் இருக்கும் அந்தச் சின்ன ஏரிக்கு நான் போய்ச் சேர்வதற்குள் குழு கிளம்பிவிட்டது. கார்கள் மட்டும் நின்றன. கரை மேல் ஓடும் ஒடுக்கமான தார் ரோட்டின் இரண்டு பக்கமும், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்கிற முகத்தோடு. நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்துப் போகலாம்.

அப்போதுதான் மேளம் கேட்டது. சாவு மேளம்.

வளைவில் பட்டாசுப் புகை. புகைக்குப் பின்னால் பாடை. தோள்களின் மேல், பூவுக்குள் புதைந்து ஒரு வயதான அம்மா. கார்களுக்கு முன்னால் வந்து ஊர்வலம் நின்றது. மேளமும் பாதி அடியில் நின்றது.

தீச்சட்டியோடு முன்னால் வந்தவர் அந்த அம்மாவின் மகன், தணிகாசலம். என் வயதிருக்கும். என் டீ-ஷர்ட்டைப் பார்த்தார்.

"இன்னா சார், நீயும் இந்தக் கும்பலா? வண்டிய எடுக்கச் சொல்லு சார். அம்மா காத்துகினு கீது."

அவர் மனைவியின் தம்பி குறுக்கே வந்தார். "அப்பவே சொன்னேன் மாமா, வேன் வெச்சிக்கலாம்னு. கேட்டியா? இப்ப ஒரு போன் போட்டா வந்துரும். மெயின் ரோட்ல சுத்திகினு போயிடலாம்."

"வண்டில ஏத்தாதடா, தோள்ல தூக்கினு போன்னு சொல்லிட்டுல்ல மச்சான் அம்மா கண்ண மூடிச்சு? இந்தக் கரை மேல நடந்து நடந்தே எங்களுக்குச் சோறு போட்ட பொம்பள. இதக்கூட செய்யலன்னா நான் இன்னாத்துக்குப் புள்ள?"

கிளம்பிய பாடை திரும்பக் கூடாது. நினைத்த இடத்தில் இறக்கி வைக்கவும் கூடாது. தூக்கியவர்களின் கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன.

குழுத் தலைவருக்குப் போன் செய்தேன். கேப்டன் என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். போனில் காற்று, சிரிப்பு...

"எங்க சார் இருக்கீங்க? நாங்க எதிர்க்கரைக்கே வந்துட்டோம். செம வியூ!"

விஷயத்தைச் சொன்னேன்.

"அச்சச்சோ... இப்பத் திரும்பினா வாக் பாதியில நின்னுடுமே. அவங்களைக் கொஞ்சம் சுத்திப் போகச் சொல்லுங்களேன். ஏதாவது வண்டி வெச்சுக்கலாமே?"

இன்னொரு தடவை படியுங்கள். நடப்பதற்காகக் காரில் வந்தவர், நடையாய் வந்தவர்களை வண்டியில் போகச் சொல்கிறார்!

நடை என்றால் என்னவென்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்? தொப்பைக்கு மருந்தா? டீ-ஷர்ட்டா? அந்தக் கரை சிலருக்கு வயலுக்குப் போகும் வழி, ரேஷன் கடைக்குப் போகும் வழி, ஒரே ஒரு முறை திரும்பாமல் போகும் வழி. நமக்கு? பார்க்கிங்.

போனை வைத்தேன். 'வைத்தேன்' என்பது மரியாதையான சொல்.

தணிகாசலம் அதற்குள் முடிவெடுத்திருந்தார். "தூக்குங்கடா மேல!"

பாடை தோள்களிலிருந்து உள்ளங்கைகளுக்கு ஏறியது. கார் கூரைகளுக்கு மேலே. நடுச் சந்தில் சிலர், கரைச் சரிவில் காலை ஊன்றிச் சிலர்... கை மாற்றிக் கை மாற்றி அந்த அம்மா நகர்ந்தார். நானும் கை கொடுத்தேன். மூங்கில் இன்னும் பச்சையாக இருந்தது. சாமந்தி இதழ்கள் பானெட்டில், வைப்பரில், சன்ரூஃபில் உதிர்ந்துகொண்டே வந்தன. கடைசிக் காரைத் தாண்டியதும் பாடை தோளுக்கு இறங்க, மேளம் மறுபடி எழுந்தது.

பொழுது சாயும்போது குழு திரும்பியது. சுடுகாட்டு வேலை முடிந்து, ஏரியில் முழுகி, ஈர வேட்டியோடு தணிகாசலமும் அதே வழியில் வந்தார். கேப்டன் தன் வெள்ளைக் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"யாருங்க இதெல்லாம் பண்றது? வண்டி ஃபுல்லா பூ!"

"எங்கம்மா மேல போட்ட பூ சார் அது."

கேப்டனின் கை பானெட்டிலேயே நின்றது. கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. கார்கள் ரிவர்ஸில் வந்து, பூவின் மேல் ஏறிப் போயின. அந்த வாசனைதான் நேற்று என்னைப் பிடித்தது.

நான் ஸ்டேஷன் பக்கம் நடந்தேன். தணிகாசலமும் கூடவே வந்தார். அவர் தெரு பிரியும் முனையில் நின்றார்.

"உனக்கு வண்டி இல்லியா சார்?"

"இல்லை."

வேட்டி நுனியைப் பிழிந்தபடி, தூரத்தில் போகும் சிவப்பு விளக்குகளைப் பார்த்தார்.

"அவுங்க கைல சொல்லு சார். அடுத்த வாட்டி நடக்க வந்தா, நடந்து வரச் சொல்லு."