வெளியே போகும் பந்து

பழைய மாணவர் கூட்டங்களில் என்னை மேடைக்கு அழைக்கிறவர்கள், நான் வகித்த பதவிகளையெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் "நம் கல்லூரியின் கோல் கீப்பர்" என்று முடிப்பார்கள். கைதட்டல் அதற்குத்தான் அதிகம். அதோடு நின்றால் குறையில்லை. தேநீர் வேளையில் யாராவது ஒருவர், பழைய பி.டி. மாஸ்டரின் சிபாரிசில் இடம் பிடித்த சிலோன் பையன் நான் என்று பக்கத்திலிருப்பவருக்கு விளக்குவது என் காதில் விழும். கையில் கோப்பையோடு நின்று அதை மறுப்பது என் வழக்கமன்று. எழுத்தில் மறுக்கலாம். நான் சிபாரிசில் சேர்ந்தவன் அல்லன். கோல் கீப்பராகச் சேர வந்தவனும் அல்லன்.

இரு அரசுகளும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி சிலோனிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. மாத்தளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் என் தகப்பனார் கணக்கப்பிள்ளையாக இருந்தார். விடியற்காலைப் பெரட்டில் தொழிலாளர்களை வரிசையாக நிறுத்தி, பெயர் கூப்பிட்டு, வேலை பிரித்துக் கொடுத்தவர். தேவாலாவுக்கு அருகே எங்களைக் குடியமர்த்திய தோட்டத்தில் அவர் அதே வரிசைக்குள் நின்று, தம் பெயர் வந்தபோது கை உயர்த்தினார். இதைப் பற்றி அவர் வீட்டில் ஒரு சொல்லும் பேசியதில்லை. மாத்தளையிலிருந்து கொண்டுவந்த கோட்டு ஒன்றை மட்டும், தேவாலா மழையில் பூஞ்சை பிடிக்காதபடி, அடிக்கடி அடுப்பருகே தொங்கவிட்டு எடுப்பார்.

நான் மாத்தளையில் பள்ளியிறுதி வரை படித்தவன். ஹாக்கியின்மேல் பித்துக் கொண்ட ஊர் அது. பள்ளி அணியில் முன்வரிசையின் நடு இடம், செண்டர் பார்வர்ட், என்னுடையது. ஆனால் நான் அங்கே எழுதிய பரீட்சை இங்கே எதற்குச் சமம் என்று சொல்ல எந்த அலுவலகத்திலும் ஆளில்லை. வயது வந்த பிள்ளைகளைத் தோட்ட வேலைக்குப் பதிந்துகொள்ளலாம் என்பதை மட்டும் எல்லோரும் தெளிவாகச் சொன்னார்கள்.

அந்த நிலையில்தான் தேவர்சோலையில் ஒரு பந்தயத்தில் தோட்டத்து அணிக்காக ஆடினேன். நடுவராக வந்திருந்தவர் ஊட்டியில் ஒரு கல்லூரியின் பி.டி. மாஸ்டர். பட்டாளத்திலிருந்து வந்தவர், விறைப்பானவர். ஆட்டம் முடிந்ததும் என்னைத் திரும்பியும் பார்க்காமல் நேரே என் தகப்பனாரிடம் போனார்.

"ஏனுங்க, அந்த நடுவுல ஆடுன பையன் உங்குளுதுங்களா?"

"ஆமா சேர்."

"ஜூன்ல கூட்டிட்டு வந்துருங்க. செண்டர் பார்வர்டுக்குத்தான் ஆள் தேடிட்டிருக்கறேன். ஆட்டக்காரங்களுக்குன்னு சீட்டு இருக்குதுங்க. சர்ட்டிபிகேட்டு விசயமெல்லாம் பிரின்சிபால்கிட்ட நாம்பேசிக்கறேன்."

"கடிதம் ஏதும் தருவீங்களா சேர்?"

"நாஞ்சொன்னாச் சொன்னதுங்க."

என் தகப்பனாருக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. அவரும் அப்படிப் பேசி வாழ்ந்தவர்தாம். தோட்ட வேலைக்கு என் பெயரைப் பதியச் சொல்லி வந்த மேஸ்திரியிடம், மகன் காலேஜுக்குப் போகிறான் என்று அன்றே சொல்லி அனுப்பிவிட்டார்.

ஜூனில் நாங்கள் ஊட்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது பி.டி. மாஸ்டரின் அறையில் வேறொருவர் இருந்தார். முன்னவர் ஓய்வு பெற்றுவிட்டார். புதியவர் கோயமுத்தூர்க்காரர், வயது முப்பதைத் தாண்டியிராது, முறையாகப் பயிற்சி படித்து வந்தவர். அறை ஓரத்தில் டிரங்குப் பெட்டிகளின்மேல் இரண்டு பையன்கள் புத்தம்புதிய மட்டைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர் தம் ஊரிலிருந்து தேர்ந்தெடுத்து அழைத்து வந்த முன்வரிசைக்காரர்கள் அவர்கள்.

"அவரு யாருக்கு என்ன வாக்குக் குடுத்தாருன்னு எனக்கு எப்படிங்க தெரியும்? அவரு சொன்னாருன்னு உங்குளுக்கு முன்னாலயே ஆளுங்க வந்துட்டாங்க. இருக்கற சீட்டுக்கு மேல அவரு வாக்கு இருக்கும் போல" என்றார் புதியவர். பெட்டிமேல் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் அவர்களை ஒரு பார்வையில் அடக்கிவிட்டு, "வெள்ளிக்கிழமை செலக்சன் வெச்சிருக்கறேன். ஆடிக் காமிக்கட்டும், பாக்கலாமுங்க" என்றார்.

அவரை நான் குறை சொல்லமாட்டேன். பிற்காலத்தில் ஆளெடுக்கும் குழுக்களில் நானே பலமுறை அமர்ந்திருக்கிறேன். முன்னவர் வாயால் சொன்னதைப் பின்னவர் சுமக்கக் கடமைப்பட்டவரா என்ற கேள்விக்கு இன்றுவரை என்னிடம் உறுதியான விடை இல்லை. அன்று என் தகப்பனாருக்கு மட்டும் அதில் ஐயமே இல்லை. அடுத்த பஸ்ஸில் குன்னூருக்குப் போனோம்.

பழைய மாஸ்டர் தம் வீட்டுக்குப் பின்னால் விறகு பிளந்துகொண்டிருந்தார். எங்களை உடனே அடையாளம் கண்டுகொண்டார். உட்காரச் சொன்னார், காப்பி கொடுத்தார். ஒரு வார்த்தை எழுதித் தரும்படி என் தகப்பனார் கேட்டதும் மறுப்பாகத் தலையை ஆட்டினார்.

"மாட்டனுங்க."

"நீங்கதானே சேர் வரச் சொன்னீங்க?"

"நாந்தானுங்க. அதுக்குத்தான் மாட்டேங்கறேன். புதுசா வந்தவன் நான் எழுதுன காயிதத்தப் பாத்தா பையனப் பாப்பானா? இவன் கெழவனோட ஆளுன்னு ஓரங்கட்டீருவான். நான் வாயத் தொறக்காம இருக்கறதுதான் நான் செய்யற ஒதவி. தம்பி, போயி ஆடு. ஊருக்கு ஆடறாப்புல ஆடு, அந்தாளுக்குன்னு ஆடாதே."

என் தகப்பனார் காப்பியை முடிக்காமலே எழுந்துவிட்டார். திரும்பும் பஸ்ஸில், "பெரிய மனுசன்னு நெனச்சேன்" என்று ஒருமுறை சொன்னார். அவ்வளவுதான். நான் அப்போது அவர் பக்கம்தான் இருந்தேன். பழைய மாஸ்டர் சொன்னது சரிதான் என்று புரிய எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. சிபாரிசு என்று இன்று பேசுகிறவர்கள் இந்த விறகுக் கொல்லையை அறியாதவர்கள்.

வெள்ளிக்கிழமை மூடுபனி விலகியதும் தேர்வாட்டம் தொடங்கியது. புதிய மாஸ்டர் என்னை முன்வரிசையில்தான் நிறுத்தினார். ஆனால் முன்வரிசையில் இருப்பவனுக்குப் பந்து வரவேண்டும். கோயமுத்தூர்ப் பையன்கள் இருவரும் தமக்குள்ளேயே பந்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். நான் இடம் மாறி நின்று கேட்டபோது, "சிலோனு, நீ அங்கயே நில்லு. கப்பல் வந்ததும் கூப்புடறோம்" என்றான் ஒருவன். நல்ல வேகக்காரன் அவன், ஆட்டத்தில் குறை சொல்ல முடியாது. நான் கேட்பதை நிறுத்தினேன். கிடைத்த பந்துகளை ஒழுங்காக ஆடினேன். அந்த அளவு ஆட்டத்துக்குச் சீட்டுக் கிடைக்காது என்பது எனக்கும் தெரிந்தது, எல்லைக் கோட்டருகே கோட்டணிந்து நின்ற என் தகப்பனாருக்கும் தெரிந்தது.

இனி நடந்ததைச் சொல்ல, மாத்தளைத் தோட்டத்து மைதானத்தைச் சொல்லவேண்டும். பள்ளி மைதானம் சமதரை. தோட்டத்து மைதானமோ மலைச்சரிவில் வெட்டிய ஒரு திட்டு; அதன் ஒரு பக்கம் தேயிலைக்குள் இறங்கிப் பள்ளத்தில் போய் முடியும். எங்களிடம் ஒரே பந்து. அந்தப் பக்கம் உருண்டால் பந்தும் போயிற்று, ஆட்டமும் போயிற்று. அதனால் எந்த அணிக்காரனானாலும், பந்து அந்த விளிம்பை நோக்கிப் போனால், காலோ மார்போ, விழுந்து மறிப்பது எங்களுக்கு மூச்சுவிடுவது போன்ற பழக்கம்.

ஊட்டி மைதானத்துக்கும் ஒரு பக்கம் சரிவு உண்டு. கீழே கற்பூர மரங்கள், அவற்றுக்கும் கீழே ஓடை. ஆட்டம் முடியும் தறுவாயில் யாரோ வேகமாக அடித்த பந்து எனக்குச் சற்றுத் தள்ளி அந்தப் பக்கம் பறந்தது. வெளியே போகட்டும் என்று எல்லோரும் நின்றுவிட்டார்கள். நான் நிற்கவில்லை. ஓடி, பக்கவாட்டில் விழுந்து, முழங்காலில் வாங்கி, மறு பாதத்தால் அமுக்கி நிறுத்தினேன். ஹாக்கியில் பந்தைக் காலால் நிறுத்துவது பிழை. விசில் ஒலித்தது. மைதானம் முழுவதும் சிரித்தது. சேற்றிலிருந்து எழுந்தபோது நான் என் தகப்பனாரின் முகத்தைப் பார்க்கவில்லை.

புதிய மாஸ்டர் என்னருகே வந்தார். "வெளிய போற பந்துக்கு எதுக்கு தம்பி உளுந்தே?"

"கீழ போயிரும், சேர்."

"போனா?"

அவர் என் முழங்காலைப் பார்த்தார். பிறகு கோல் கம்பங்களைக் காட்டி, "அங்க போயி நில்லு" என்றார். அந்தக் கோயமுத்தூர்ப் பையன்களை அழைத்து, கோலுக்கு முன்னுள்ள வட்டத்துக்குள்ளிருந்து மாறி மாறி அடிக்கச் சொன்னார். கவசம் எதுவும் தரவில்லை; நானும் கேட்கவில்லை. சில உள்ளே போயின. பெரும்பாலானவை போகவில்லை. கப்பல் என்று கேலி செய்தவன் கடைசியில், "என்ன மாப்ளே, செவுரு மாதிரி நிக்கறே" என்றான்.

"சீட்டுத் தரேன், கோல் கீப்பரா" என்றார் மாஸ்டர்.

"நான் செண்டர் பார்வர்ட், சேர்."

"இருக்கலாம். செண்டர் பார்வர்டுக்கு எங்கிட்ட ஆள் இருக்குது. உளுகறதுக்கு அஞ்சாதவன் ஒருத்தனும் இல்ல. யோசிச்சுச் சொல்லு."

எங்கள் பள்ளியில் ஓடத் தெரியாதவனைத்தான் கோலில் நிறுத்துவார்கள். வேண்டாம் என்று சொல்லத் திரும்பியவனை என் தகப்பனார் தடுத்தார். கோட்டின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டே, தாழ்ந்த குரலில் பேசினார்.

"மகன், நான் அங்க பேர் கூப்பிட்டவன். இங்க பேர் கூப்பிட்டா கை தூக்குறேன். கேட்ட எடம் நமக்குக் கெடைக்க ஏலாது. குடுத்த எடத்துல நின்னாத்தான் நாளைக்கி ஒன்னக் கொழுந்து பறிக்கக் கூப்புட மாட்டான். வெளங்குதா?"

தம் வேலையைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அந்த ஒருமுறைதான். நான் மாஸ்டரிடம் போய், நிற்கிறேன் என்றேன். நன்றி சொல்லவில்லை. அவரும் அதை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. சான்றிதழ் விவகாரத்தை மட்டும் முதல்வரிடம் தாமே போய் முடித்துக் கொடுத்தார். முன்னவர் கொடுத்த வாக்கில் அந்தப் பாதி, கொடுக்காதவர் கையால் நிறைவேறியது.

முதல் நாள் பயிற்சியில் ஒரு பந்து கோலுக்கு வெளியே தவறிச் சரிவில் இறங்கியது. காலில் கட்டியிருந்த கனத்த கவசங்களோடு நான் அதன் பின்னால் ஓடினேன். "உடுங்க தம்பி, பையில வேற பந்து கெடக்குது!" என்று மாஸ்டர் மேலிருந்து கத்தினார். கற்பூர மரங்களுக்கு நடுவே சற்று நின்றேன். பந்து ஓடைப் பக்கம் உருண்டுகொண்டிருந்தது. மேலே வேறு பந்தோடு ஆட்டம் தொடங்கிவிட்ட சத்தம் கேட்டது.

நான் ஓடைவரை இறங்கி, அதை எடுத்துக்கொண்டுதான் வந்தேன்.