மகால் வாசல் பலூன்காரர்

எங்கள் வீட்டில் மதுரைப் பேச்சை எடுத்தால் மீனாட்சியம்மனுக்கும் முன்னால் ஒரு பலூன்காரர்தான் வந்து நிற்பார்.

தீபாவளி முடிந்து எங்கள் பட்டாசு ஆலை மூடியிருந்த வாரம், நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளோடு மதுரை பார்க்கப் போயிருந்தோம். அவர் மகால் வாசலில் நின்றார். ஒல்லியான ஆள், ஊதி ஊதிக் கன்னம் மட்டும் தொங்கிப்போயிருந்தது. நூல் கட்டியதும் ஒவ்வொரு பலூனையும் காதோரம் வைத்து, காற்று கசிகிறதா என்று கேட்பார்.

திடீரென்று ஒரு பலூன் வெடித்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் ஐந்து வயது மகள் மட்டும் ஓடினாள். வெடிச் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் ஓடணும் என்று நாங்கள்தான் சொல்லிக்கொடுத்திருந்தோம். ஓடியது பஸ் வரும் சாலைக்கு.

நான் எட்டுவதற்குள் அவர் பலூன் கட்டிய கம்பைப் போட்டுவிட்டுப் பாய்ந்து அவளைத் தூக்கிவிட்டார்.

"எந்த ஊருங்க?" என்றார் மூச்சு வாங்க.

"சிவகாசிப் பக்கம்ணே. பட்டாசு வேல."

அதற்குமேல் கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்தார். "பாப்பா, இங்கன கைய நீட்டு." நூலை அவிழ்த்து, அவள் உள்ளங்கையில் சத்தமில்லாமல் காற்றை இறக்கினார். அடுத்த பலூன், அதற்கடுத்தது என்று கம்பில் இருந்த அத்தனையையும்.

"யாவாரம் கெட்டுப்போகும்ணே, விடுங்க" என்றாள் மனைவி.

"காத்துதானம்மா. ஊதிக்கிடலாம்."

பச்சைப் பலூனுக்கு மகள் சிரித்துவிட்டாள்.

தெருமுனையில் திரும்பிப் பார்த்தேன். சுருங்கிய பலூன்களை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். நாங்கள் கண்ணுக்கு மறையும்வரை ஒன்றைக்கூட அவர் ஊதவில்லை.