சீல் வைத்த கதவும் சப்பட்டை மாம்பழமும்

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லின் கேட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஷிப்ட் முடிந்து போகிறவர்களின் பையையும் தூக்குவாளியையும் திறந்து பார்ப்பதுதான் வேலை. சோற்றுக்கு அடியில் நூல் கண்டு போகிறதா என்று காலமெல்லாம் தேடிய கண்ணுக்கு, எதையும் உள்ளபடி பார்க்க வராது. வீட்டில் தட்டில் தோசை விழுந்தால்கூட அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பேன். “ஒங்களுக்கு மட்டும் கருகினதையா போட்டுருவேன்?” என்பாள் என் மனைவி. பல நாள் கருகித்தான் இருக்கும்.

இப்படிப்பட்ட என்னையே ஊர் சந்தேகப்பட்டது. போன சட்டமன்றத் தேர்தலில் எங்கள் வார்டில் கட்சியின் பூத் ஏஜெண்டாக உட்கார்ந்தவன் நான். எப்போதும் எங்களுக்கு அள்ளிக்கொடுக்கிற பூத் அந்த முறை கைவிட்டுவிட்டது. எந்தப் பூத்தில் யாருக்கு எவ்வளவு விழுந்தது என்பதுதான் இப்போது வெட்டவெளிச்சமாகத் தெரிந்துவிடுகிறதே. “அண்ணாச்சி விலைபோயிட்டாக” என்று எங்கள் ஆட்களே டீக்கடையில் பேசினார்கள். யாரிடமும் ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை நான். அதை யாரிடம் போய்ச் சொல்ல? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அதன் பிறகு கட்சிக் கூட்டங்களில் எனக்கு நாற்காலி போட மறந்துபோனார்கள்.

அதனால்தான் இந்தத் தேர்தலில் ஓட்டுப்பதிவுக்கு நாலு நாள் முன்னால் எங்கள் நகரச் செயலாளர் வீடு தேடி வந்தபோது, நல்ல செய்தியாக இருக்காது என்று நினைத்தேன்.

“பெட்டி வைக்கிற காலேஜுல நம்ம ஆளு ஒருத்தர் இருக்கணும் அண்ணாச்சி. பகல்ல நீங்க இருங்க. கதவு ஒங்க பொறுப்பு. ஏதாச்சும் ஆச்சுன்னா ஒங்களைத்தான் கேப்பேன்” என்றார்.

நம்பிக் கொடுக்கிறாரா, தோற்றால் பழிபோட ஒரு தலை வேண்டுமென்று கொடுக்கிறாரா? இரண்டு நாள் யோசித்தும் பிடிபடவில்லை. ஆனாலும் ஒத்துக்கொண்டேன். இந்தக் கதவை ஒழுங்காகக் காத்துக் கொடுத்துவிட்டால் என் பெயரில் ஒட்டிய கறை போய்விடும். இதையும் கோட்டைவிட்டால் கட்சியில் எனக்கு இடமில்லை. எனக்கு வேறு போக்கிடமும் கிடையாது.

அந்தக் காவல் எப்படியென்றால், ஓட்டு மெஷின்களை ஒரு கல்லூரி அறைக்குள் வைத்துப் பூட்டிச் சீல் வைத்துவிடுவார்கள். மெஷின் வந்து எத்தனையோ காலமாகியும் எங்களுக்கு அது பெட்டிதான். சீல் வைத்த தாளில் நாங்களும் கையெழுத்துப் போட்டிருந்தோம். வாசலில் துப்பாக்கியோடு வடநாட்டுப் போலீஸ். வெளியே ஒரு சாமியானா, நாலைந்து நாற்காலி, ஒரு டிவி. அந்த டிவியில் ராவும் பகலும் ஒரே படம், பூட்டிய கதவு. எண்ணுகிற நாள் வரை கட்சிக்காரர்கள் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

எதிர்க்கட்சி சார்பில் உட்கார வந்தவர் மம்சாபுரத்துக்காரர். ராணுவத்தில் இருந்து வந்தவர். எல்லோரும் மிலிட்டரி என்றே கூப்பிட்டார்கள். முறுக்கு மீசை, தேய்த்த சட்டை, கையில் ஒரு மஞ்சப்பை. முதல் நாளே பையிலிருந்து சப்பட்டை மாம்பழம் ஒன்றை எடுத்து நீட்டினார்.

“நம்ம தோப்புப் பழம் அண்ணாச்சி. சாப்பிடுங்க.”

எதிர்க்கட்சிக்காரன் கொடுக்கிற பழத்தில் என்ன இருக்குமோ? வயிற்றைக் கலக்கி என்னைக் கக்கூஸிலேயே உட்கார வைத்துவிட்டால் கதவை யார் பார்ப்பது? சுகர் என்று சொல்லி மறுத்துவிட்டேன். எனக்குச் சுகர் கிடையாது.

அதைவிடப் பெரிய சங்கடம் அவர் பேசிய இந்தி. காவலுக்கு நின்ற ஜவானிடம் போய் மணிக்கணக்காகப் பேசுவார். சிரிப்பார். நடுநடுவே என் பக்கம் திரும்பிப் பார்ப்பார். எனக்கோ ஒரு வார்த்தை புரியாது. பூட்டைப் பற்றிப் பேசுகிறாரா, சாவியைப் பற்றியா? ஒருநாள் அவர் முகம் கழுவப் போன நேரம் பார்த்து நானும் ஜவானிடம் போனேன். என் இரண்டு கண்ணையும் விரலால் தொட்டு, மிலிட்டரி போன திசையைக் காட்டினேன். அந்த ஆளின் மேல் ஒரு கண் வையப்பா என்று அர்த்தம். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை.

டீ குடிக்கப் போவதில்தான் பெரிய சிக்கல். அவரைக் கதவோடு தனியே விட்டுப் போக எனக்கு மனசில்லை. என்னைத் தனியே விட்டுப் போக அவருக்கும் மனசில்லை. நான் எழுந்தால் அவரும் எழுவார். அவர் எழுந்தால் நான் செருப்பைத் தேடுவேன். “செத்த நேரம் காலாற நடந்துட்டு வரலாம்” என்று ஆளுக்கொரு சாக்கு. கடைசியில் இரண்டு பேரும் ஒன்றாகவே நடந்து, ரோட்டோர டீக்கடை பெஞ்சின் இரண்டு முனையில் உட்கார்ந்து, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே டீ குடித்துவிட்டு ஒன்றாகவே திரும்பி வருவோம். அந்த நேரத்தில் கதவை யார் பார்த்தார்கள் என்ற கேள்வி எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

ஒருமுறை திரும்பி வந்தபோது சாமியானாவில் வேறொரு ஆள் இருந்தார். நாங்கள் கணக்கிலேயே சேர்க்காத மூன்றாவது வேட்பாளரின் ஆள். டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, போனைச் சார்ஜ் போட்டிருந்தார். “கரண்டு இல்லைண்ணே ஊருக்குள்ள, அதான்” என்று சொல்லிவிட்டு, சார்ஜ் ஏறியதும் போய்விட்டார். அதன் பிறகு அந்தக் கட்சியிலிருந்து ஒரு குஞ்சுகூட எட்டிப்பார்க்கவில்லை.

இந்தி மட்டும் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. மறுபடி மிலிட்டரி ஜவானோடு பேசப் போனபோது, தூண் ஓரமாய் நின்று பேச்சைச் செல்போனில் பதிவு செய்தேன். சாயங்காலம் வீட்டுக்குத் திரும்புகிற வழியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, வடக்கேயிருந்து வந்து பானிபூரி போடுகிறவரிடம் கொடுத்துக் கேட்கச் சொன்னேன். அவர் போனைக் காதில் வைத்தபடி பூரியை உடைத்துக்கொண்டே கேட்டார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“மீசைக்காரர் சொல்றார், அந்தப் பெரியவர் மேல கண்ணு வைங்க, ஆள் சரியில்லை, நம்ம பக்கமே பார்த்துட்டு இருக்கார். போலீஸ் சொல்றார், அந்தப் பெரியவரும் உங்க மேலதான் கண்ணு வைக்கச் சொன்னார்.”

“பொறவு?”

“பொறவு ரெண்டு பேரும் சிரிக்கிறாங்க.”

பானிபூரிக்காரரும் சிரித்தார். எனக்குக் கோபம் வரவில்லை. மிலிட்டரியின் மேல் முதல் முறையாக மரியாதை வந்தது. இந்த ஊரில் என்னைப்போல ஒழுங்காகச் சந்தேகப்படத் தெரிந்த இன்னொரு மனுசனை அதுவரை நான் பார்த்ததில்லை. மறுநாள் போனதும் நானே கையை நீட்டினேன்.

“பழம் இருந்தா குடுங்க மிலிட்டரி.”

“சுகருன்னீக?”

“நேத்தோட சரியாப்போச்சு.”

அவர் பையிலிருந்து ஒரு பழத்தை எடுத்துத் துடைத்தார். பிறகு பழத்தை நடுவில் அறுத்து, பாதியைத் தான் முதலில் தின்று காட்டிவிட்டு மற்றப் பாதியை என்னிடம் கொடுத்தார். விஷயம் தெரிந்த மனுசன். பழம் தேனாக இருந்தது. அதற்குப் பிறகு தினமும் பழம் சாப்பிட்டோம். ஆனாலும் டீக்குச் சேர்ந்தே போவதை மட்டும் நிறுத்தவில்லை. நட்பு வேறு, கட்சி வேறு.

எண்ணுகிற நாளன்று சீலை உடைப்பதற்கு முன்னால் எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். என் கையெழுத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். வைத்தது வைத்தபடி இருந்தது. பக்கத்தில் மிலிட்டரியும் குனிந்து அவருடைய கையெழுத்தைப் பார்த்தார். இரண்டு பேரும் பெருமூச்சு விட்டோம். ஜெயித்தது மாதிரியே இருந்தது எனக்கு.

மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முதல் சுற்றிலிருந்தே முந்திக்கொண்டு போனவர் அந்த மூன்றாவது வேட்பாளர். எங்கள் ஆள் தோற்றார், அவர்கள் ஆளும் தோற்றார். வெளியே வெடிச் சத்தம் காதைப் பிளந்தது. கூட்டத்தின் நடுவில், போன் சார்ஜ் போட வந்த ஆளை யாரோ தோளில் தூக்கி வைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். இலவு காத்த கிளிக்காவது அது தன் மரம் என்ற நினைப்பு இருந்திருக்கும். நாங்கள் அடுத்தவன் மரத்துக்கல்லவா வெயிலில் காய்ந்து காவல் இருந்தோம்!

மறுநாள் கட்சி ஆபீசுக்கு வரச் சொன்னார்கள். போனேன். நாற்காலி போட்டிருந்தார்கள். விசாரணைக்குத்தான் என்று அப்போதே தெரிந்தது.

“மம்சாபுரத்துக்காரன் கூட ஒக்காந்து மாம்பழம் தின்னீகளாமே அண்ணாச்சி?” என்று நகரச் செயலாளர் ஆரம்பித்தார்.

“தின்னேன். பழம்தானே?”

“பழம்தான். அதான் கேக்கேன்.” அவர் தன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். “கதவை விட்டு எங்கேயும் போகலியே?”

பனைமரத்தடியில் பால் குடித்தாலும் கள் என்பார்கள். நான் மாம்பழமே தின்றிருக்கிறேன். சீல் அப்படியே இருந்ததை, கையெழுத்து கலையாமல் இருந்ததைச் சொன்னேன். அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். நம்பினார்கள் என்று சொல்ல மாட்டேன். எழுந்து வெளியே வந்தேன். என் வயசுக்கு ரோட்டில் நின்று அழுவதா என்று விறுவிறுவென்று நடந்தேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு வருவதற்குள் போன் அடித்தது. மிலிட்டரிதான்.

“அண்ணாச்சி, எங்க ஆபீசுல என்னையும் கூப்பிட்டு வச்சு நோண்டுதானுக. ஒங்களுக்குப் பழம் குடுத்து வெலைபேசினேனாம். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன். நான் தப்புத்தண்டா பண்ணலைன்னு இந்த ஊர்ல தெரிஞ்ச ஆளு நீங்க ஒருத்தர்தான். கண் கொட்டாம பாத்தீகள்ல?”

உண்மைதான். அவர் யோக்கியர் என்பதற்கு நான் சாட்சி. நான் யோக்கியன் என்பதற்கு அவர் சாட்சி. எங்களுக்கு வேறு சாட்சி கிடையாது.

“சொல்லிருவேன் மிலிட்டரி. ஆனா ஒங்க ஆளுக கேப்பாக, ரெண்டு பேரும் எங்க போனாலும் சேர்ந்தேதான் போவீகளான்னு. நான் என்ன சொல்லட்டும்?”

மிலிட்டரி குரலைத் தாழ்த்திக்கொண்டு, “வச்சிருதேன் அண்ணாச்சி. இனிமே இந்த நம்பருக்குக் கூப்பிடாதீக. யாராவது பாப்பாக” என்றார்.