சாமிக்கு விட்ட பீன்ஸ்

எங்கள் வீட்டு சாமி அலமாரிக்கு எறும்பு வரிசை கட்டிப் போன அந்தக் காலை இன்னும் என் கண்ணில் இருக்கிறது. சன்னலோரத்தில் தொடங்கிச் சுவரில் ஏறி, வேங்கடாசலபதி படத்தின் பின்னால் போய் மறைந்தது அந்த வரிசை. படத்தை நகர்த்திப் பார்த்தால், சின்னதாக ஒரு மஞ்சள் துணி முடிப்பு. எங்கள் பக்கத்தில் வேண்டுதல் என்றால் ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்தருகே ஆணியில் தொங்கவிடுவார்கள். காரியம் கைகூடியதும் அந்தக் காசு திருமலை உண்டியலுக்குப் போகும். அப்படி ஒரு முடிப்பு அந்த ஆணியில் ஏற்கெனவே பன்னிரண்டு வருடமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அது என் கணவருடைய அக்கா, என் நாத்தனாருடையது. இந்தப் புது முடிப்பு யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை. மாமனார் ஒரே பார்வையில் செய்வினை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். பக்கத்து நிலத்துக்காரரோடு அவருக்கு வரப்புத் தகராறு வெகுநாளாக உண்டு. யாரும் கையால் தொடக்கூடாது, எலுமிச்சம்பழம் கொண்டு வா, குச்சியால் எடு என்று வீட்டையே இரண்டு பண்ணிவிட்டார்.

அதற்குள் என்ன இருந்தது என்று சொல்வதற்கு முன்னால் எங்கள் வீட்டுச் சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் திருவள்ளூர்ப் பக்கத்திலிருந்து, ஆந்திர எல்லைக்குள் இருக்கிற பாலசமுத்திரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்விட்டார். மாமனாரும் என் கணவரும் மாந்தோப்பைப் பார்த்துக்கொள்கிறார்கள். சித்தூர்ச் சாலையில் ஒரு மாம்பழக் கூழ் தொழிற்சாலையில் எனக்கு வேலை. வருகிற பழத்தின் இனிப்பைக் கருவியில் அளந்து எழுத வேண்டும். நாளெல்லாம் ஊரார் தோட்டத்துப் பழத்துக்கு மார்க் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், நான்கு வயது மகள் தயிர்ச்சோறு, இட்லி, ஒரே ஒரு வகை பிஸ்கட் இவற்றைத் தவிர எதையும் வாயில் வைக்கமாட்டாள். இட்லியில் சட்னி பட்ட இடத்தைப் பிய்த்து எறிந்துவிடுவாள். அங்கன்வாடி டீச்சர் எடை அட்டையில் வைக்கிற புள்ளி மாதாமாதம் கோட்டுக்குக் கீழேயே நின்றது. மாங்காய்க் காலம் முடிவதற்குள் எடை ஏறாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும் என்று சித்தூர் டாக்டரம்மா தெலுங்கில் மெதுவாகத்தான் சொன்னார். எனக்குத்தான் காது அடைத்துப்போயிற்று.

அவளுக்கு ஊட்டுவது எங்கள் வீட்டில் தனிக் காரியம். முதலில் குழந்தை வயிறு நிறையட்டும், பிறகு நாம் சாப்பிடலாம் என்பது நாங்களாகச் செய்துகொண்ட ஏற்பாடு. ஆறரை மணிக்கு அவளை வாசல் படியில் உட்காரவைத்து, கையில் போனைக் கொடுத்து, அவள் பொம்மைப் படத்தில் வாய் பிளக்கிற நேரம் பார்த்து ஒரு வாய் திணிப்பேன். கொஞ்சுவேன், கெஞ்சுவேன், போலீஸ்காரரைக் கூப்பிடுவேன் என்பேன். ஒருநாள் பொறுமை போய் முதுகில் ஒன்று வைத்துவிட்டேன். அவள் அழக்கூட இல்லை. வாயிலிருந்ததைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு என்னையே பார்த்தாள். அந்தப் பார்வையை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேல் கோபம் வருகிறது. அவள் தூங்கிய பிறகு மாமனார் டிவிக்கு முன்னால் சாப்பிடுவார், கணவர் தோட்டத்திலிருந்து வந்து சாப்பிடுவார், நான் சமையலறையில் நின்றபடியே முடித்துவிடுவேன். நாங்கள் சாப்பிடுவதை அவள் பார்த்ததே இல்லை என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் சாப்பிடாததைப் பற்றி நாங்கள் பேசுவதை மட்டும் அவள் நன்றாகக் கேட்டிருக்கிறாள். எங்கள் வீட்டில் யாரும் ஒன்றைப் பிடிக்கவில்லை என்று சொல்வதில்லை. சாமிக்கு விட்டுவிட்டேன் என்பார்கள். மாமனார் காசிக்குப் போனபோது கொத்தவரங்காயை விட்டுவிட்டு வந்தார். கணவருக்குச் சனிக்கிழமை கறி கிடையாது, புரட்டாசி முழுக்க முட்டை கிடையாது. மகள் ஒரு பிடி சாம்பார் சாதம் சாப்பிடுகிறவரை சனிக்கிழமை பட்டினி கிடப்பதாக நானும் வேண்டிக்கொண்டிருந்தேன். நாத்தனார் விட்டது மாம்பழத்தை. கல்யாணமாகி மூன்றாம் வருடம், ஒரு குழந்தை பிறக்கிறவரை மாம்பழம் தொடமாட்டேன் என்று பிறந்த வீட்டு ஆணியில் முடிந்து தொங்கவிட்டவர் அவர். திருப்பதியிலும் வேலூரிலும் பார்க்காத டாக்டர் இல்லை. முடிப்பின் மஞ்சள் வெளுத்துப்போனது. அதை யாரும் தொடவில்லை, அதைப் பற்றி அவர் எதிரில் யாரும் பேசவும் இல்லை.

அவர் திருப்பதியில் குடியிருக்கிறார். காய் பறிக்கிற நாற்பது நாளும் ஆட்களுக்குச் சமைத்துப் போட வருடா வருடம் வந்துவிடுவார். உரத்த குரல், வேகமான கை. அன்பாகப் பேசுவதற்குத் தமிழ், திட்டுவதற்குத் தெலுங்கு என்று பிரித்து வைத்திருப்பார். இரண்டும் ஒரே வாக்கியத்தில் வரும். அந்தக் காலையில் மாமனார் எலுமிச்சம்பழத்தோடு நின்றுகொண்டிருந்தபோது, நாத்தனார் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, அந்த முடிப்பை எடுத்து எறும்பைத் தட்டிவிட்டுப் பிரித்தார். உள்ளே சுருங்கிப்போன நான்கு பீன்ஸ் துண்டு, ஒரு கேரட் வில்லை, மஞ்சள் கரு கொஞ்சம், வெல்லப் பொங்கல் ஒரு சிட்டிகை. துணி என்னுடைய ரவிக்கைத் துண்டிலிருந்து கிழித்தது. வாயில் பிரஷ்ஷோடு வந்து நின்ற மகள், "அது என்னுது. நான் எல்லாத்தியும் சாமிக்கு விட்டுட்டேன்" என்றாள்.

சாமி அலமாரியில் முட்டையா என்று மாமனார் தண்ணீர் தெளிக்க ஓடினார். நாத்தனார் சிரித்த சிரிப்பில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரித்துக்கொண்டே இருந்தவர் நடுவில் நிறுத்தினார். அந்தத் துணியைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே, "கொழந்த மேல இன்னா தப்பு? இந்த வூட்ல யாரு இன்னா துன்றாங்கன்னு அது பாத்துகீதா? யாரு இன்னா விட்டாங்கன்னுதான நாம பேசிக்கினு கீறோம்" என்றார். எனக்குச் சுருக்கென்று இருந்தது. வெளியூரிலிருந்து வந்து நாலு நாள் தங்குகிறவர் என் பிள்ளையைப் பற்றி எனக்குச் சொல்வதா என்றுகூட நினைத்தேன்.

அன்று மாலையே எங்கள் ஏற்பாடெல்லாம் கலைந்தது. ஏழரை மணிக்கு டிவி நின்றது, போன் பீரோவுக்குள் போனது, எல்லோரும் தரையில் வட்டமாக உட்கார வேண்டியதாயிற்று. நடுவில் பெரிய பேசின். அதில் சோற்றையும் பருப்பையும் நெய்யையும் பிசைந்து, நாத்தனார் உருண்டை பிடிப்பார். அதை எடுத்து ஒவ்வொருவர் கையிலும் வைக்கிற வேலை என் மகளுக்கு. அவளுக்கு எப்போதும்போல் தயிர்ச்சோறு பக்கத்தில் இருக்கும். சாப்பிடு என்று யாரும் சொல்லக்கூடாது, அவள் வாயை யாரும் பார்க்கக்கூடாது, பார்த்தால் நாத்தனாரின் தெலுங்கைக் கேட்க வேண்டியிருக்கும். முதல் இரண்டு நாள் அவள் உருண்டையைப் பூச்சியைப் பிடிப்பதுபோல் இரண்டு விரலால் எடுத்து வைத்தாள். மூன்றாம் நாள் விரலில் ஒட்டியதை நக்கினாள். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. கைதட்டி, கணவரைப் பார்க்கச் சொல்லி, போட்டோ எடுக்க பீரோவுக்கு ஓடினேன். திரும்பி வருவதற்குள் அவள் கையைக் கவுனில் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அடுத்த இரண்டு நாள் வட்டத்துக்கே வரவில்லை.

நாத்தனார் என்னைத் தனியாக அழைத்துப்போய்த் திட்டினார். "உன் வாயையே நாலு பேரு பாத்துக்கினு இருந்தா உனக்கு எறங்குமா? நீ சனிக்கெழம பட்டினி கெடக்கிறத மொதல்ல நிறுத்து. அது உன்னப் பாத்துத்தான் கத்துக்குது" என்றார். அந்தச் சனிக்கிழமை நான் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். சாமி கோபித்துக்கொள்ளவில்லை.

கொத்தவரங்காய்ப் பொரியல் செய்த ஒருநாள், தாத்தா ஏன் தின்னவில்லை என்று மகள் கேட்டாள். மாமனார் காசியைப் பற்றி ஆரம்பித்தார். நாத்தனார் விடவில்லை. "நைனா, உனக்கு அது சின்ன வயசுல இருந்தே ஆவாது. புடிக்காதத ரயில்ல ஏத்திக்கினு போயி காசியில விட்டுட்டு வந்தவரு நீ" என்று போட்டு உடைத்தார். மாமனார் கொஞ்ச நேரம் மீசையைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, பேத்தியிடம் தனக்கு அது பிடிக்காது என்று ஒப்புக்கொண்டார். வீடே சிரித்தது, அவரும் சிரித்தார். அன்றிலிருந்து எங்கள் வட்டத்தில் ஒரு புதுச் சட்டம் வந்தது. வாயில் வைத்துப் பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று சொல்லலாம், தட்டின் ஓரமாகத் துப்பலாம், யாரும் கேட்கமாட்டார்கள். துப்பலாம் என்று தெரிந்த பிறகுதான் அவள் வைத்துப் பார்க்கவே ஆரம்பித்தாள். பீன்ஸைத் துப்பினாள், மறுபடி துப்பினாள், மூன்றாம் முறை மறந்து விழுங்கிவிட்டாள். பருப்பு உருண்டை இறங்கியது. கேழ்வரகுக் களியில் வேர்க்கடலைச் சட்னியைக் குழி பண்ணி ஊற்றியபோது, குழி தோண்டுகிற ஆசைக்காகவே இரண்டு வாய் சாப்பிட்டாள்.

மாம்பழம் மட்டும் நடக்கவில்லை. தோட்டம், வண்டி, வாசல் எல்லாம் பழ வாசனையாக இருக்கும்போது அவள் மூக்கைத் திருப்பிக்கொள்வாள். ஏனென்று எங்களுக்குத் தெரிந்தது பறிப்பின் கடைசி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஆட்கள் போய்விட்டார்கள். கிணற்றடி மரத்து நீலம் பழங்களை நாத்தனார் அரிந்து தட்டில் வைத்திருந்தார். அந்த நாற்பது நாளில் எத்தனையோ கூடைப் பழம் அரிந்தவர். விரலில் வழிந்த சாற்றை ஒவ்வொரு முறையும் தண்ணீரில் கழுவிக்கொள்வார். மகள் வழக்கம்போல் எல்லோர் கையிலும் ஒரு துண்டு வைத்துக்கொண்டே வந்தாள். நாத்தனார் முன்னால் வந்ததும் தட்டை நகர்த்திக்கொண்டாள். "அத்த விட்டுட்டாங்க. நானும் அத்த கூட விட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு அவர் மடியில் போய் உட்கார்ந்தாள்.

அவளாக விட்ட பீன்ஸைப் பார்த்துச் சிரித்த எங்களுக்கு இதைப் பார்த்துச் சிரிக்க முடியவில்லை. நாத்தனார் அவளை இறக்கி உட்காரவைத்துவிட்டு எழுந்தார். கையைக் கழுவிக்கொண்டு சாமி அலமாரிக்குப் போய், ஆணியிலிருந்து தன் முடிப்பை எடுத்தார். பன்னிரண்டு வருடத்து முடிச்சு விரலுக்கு அசையவில்லை. பல்லால் கடித்துப் பிரித்தார். அக்கா, வேண்டாம் என்று என் கணவர் எழுந்தார். நாத்தனார் கையமர்த்தி அவரை உட்காரவைத்தார். படத்தைப் பார்த்துச் சொன்னாரா, எங்களைப் பார்த்துச் சொன்னாரா என்று எனக்கு இன்றும் தெரியாது.

"பன்னெண்டு வருசமா ஒரு கொழந்தைக்காக வாயக் கட்டிக்கினு இருந்தேன். இப்ப ஒரு கொழந்த எனக்காக வாயக் கட்டிக்கினு கீது. போதும்."

துணியை அலமாரியிலேயே விட்டுவிட்டு, காசைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு வட்டத்துக்கு வந்து உட்கார்ந்து, மகள் முன்னால் உள்ளங்கையை நீட்டினார். அவள் ஒரு துண்டை வைத்தாள். நாத்தனார் மெதுவாகத்தான் மென்றார். சாறு முழங்கை வரை வழிந்தது, இந்த முறை அதைக் கழுவவில்லை. நீலம் இவ்வளவு இனிக்கும் என்பதே மறந்துபோயிற்று என்றார். மாமனார் வாசல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் மறைக்காமல் அழுதேன். மகள் ஒரு துண்டை எடுத்து நுனியைக் கடித்தாள், முகத்தைச் சுளித்தாள், மென்றாள், விழுங்கினாள். பிறகு இன்னொரு துண்டை எடுத்தாள். அதைத் தான் தின்னவில்லை, அத்தை கையில் வைத்தாள்.

மறுநாள் டாக்டரம்மாவின் தராசு கொஞ்சம்தான் நகர்ந்தது. ஆனால் ஆஸ்பத்திரிப் பேச்சை அவர் எடுக்கவில்லை. இப்படியே போகட்டும் என்றார். அங்கன்வாடி அட்டையில் புள்ளி கோட்டைத் தொட இன்னும் சில மாதம் பிடித்தது. இப்போது மகள் இரண்டாம் வகுப்பு. பாகற்காயை வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, பிடிக்கவில்லை என்று எங்கள் முகத்துக்கு நேராகச் சொல்கிறாள். வாரம் ஒருமுறை மறுபடி வைத்தும் பார்க்கிறாள். நாத்தனாருக்குக் குழந்தை இல்லை. அதற்காக அவர் இன்னும் எதையாவது வேண்டிக்கொள்கிறாரா என்று நான் கேட்டதில்லை. அந்தக் காசு மலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்பது மட்டும் தெரியும். சித்திரை பிறந்தாலே போன் செய்து கிணற்றடி மரம் எப்படி இருக்கிறது என்று கேட்கிறார். தனக்கென்று எதையும் கேட்டறியாத மனுஷி, எனக்கென்று ஒரு கூடை எடுத்துவை, யாருக்கும் கொடுக்காதே என்று சண்டை போடுகிறார்.

இந்த வாரம் சாமி அலமாரிக்கு மறுபடியும் எறும்பு போனது. அதே சன்னலோரம், அதே சுவர். படத்தை நகர்த்தினேன். நாத்தனார் விட்டுப்போன, வெளுத்த அந்தப் பழைய மஞ்சள் துணியில் சுற்றி ஒரு நீலம் பழம் இருந்தது, காம்பருகே பால் கசிந்து. மகளைக் கூப்பிட்டுக் கேட்டேன். கிணற்றடி மரத்தில் முதலில் விழுந்த பழமாம். அங்கே வைத்தால்தான் யாரும் தொடமாட்டார்களாம். "அத்தைக்கு எடுத்து வெச்சிருக்கேன்" என்றாள்.

தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் கிண்ணத்தை வைத்து, அதில் பழத்தை வைத்தேன். பிறகு திருப்பதிக்குப் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், அதுவரை தாங்குமா பார் என்றார் நாத்தனார். மகள் பழத்தை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, தாங்கும் என்று சொல்லச் சொன்னாள்.