முதலில் பிள்ளைகள் நலம்

பள்ளிக்கூடம் விட்டதும் சுதர்ஷினி தண்ணீர்த் தொட்டியின் மூடிமேல் ஏறி நிற்பாள். கல்லுமலைத் தேயிலைத் தோட்டப் பள்ளியில் போன் சிக்னல் கொஞ்சம் தலைகாட்டுவது அங்கேதான். முந்தானையை இடுப்பில் செருகி, போனை வாய்க்கு நேரே இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, தரம் இரண்டு பெற்றோரின் வட்ஸ்அப் குழுவுக்குப் பேசுவாள்.

"எல்லாருக்கும் வணக்கங்க. பிள்ளைங்க எல்லாரும் நல்லா இருக்காங்க. ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்ல. இன்னைக்கு கூட்டல் கணக்கு செஞ்சோம். நாளைக்கு ஆளுக்கு கொஞ்சம் காய்ஞ்ச எல குடுத்து விடுங்க. மரத்துல ஏற விட்டுறாதீங்க, கீழ கெடக்குறது போதும். திங்கக்கெழம பல்லு டாக்டர் வாறாங்க. ஊசி போட மாட்டாங்க, சும்மா பாக்க மட்டுந்தான்."

பேசி முடித்தவுடன் அனுப்பிவிட மாட்டாள். காதில் வைத்துக் கேட்பாள். டாக்டர் என்ற சொல் யாரையாவது கலக்கிவிடுமோ? தன் குரல் எங்கேயாவது நடுங்குகிறதோ? அழித்துவிட்டு மறுபடி பேசுவாள். அந்தப் பக்கமாகப் போகும் பள்ளி அதிபர், "டீச்சர், ரேடியோ நிலையம் மூடியாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவார். அவள் சிரிக்க மாட்டாள்.

பிள்ளைகள் நலம் என்ற அந்த முதல் வரியை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் பேச்சியம்மா; பூரணியின் தாய். சுதர்ஷினி ராகலையிலிருந்து இந்தப் பள்ளிக்கு வந்த புதிதில், "பூரணியோட அம்மா, ஒரு விசயம்..." என்று பேசத் தொடங்கிய அழைப்பு பாதியில் அறுந்துவிட்டது. கலைமகள் விழாவுக்கு வெள்ளைச் சட்டை வேண்டும் என்பதுதான் விசயம். ஆனால் பேச்சியம்மா மலையிலிருந்து கூடையோடு ஓடி வந்து வகுப்பு வாசலில் விழுந்தாள். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கைக்கூட அவிழ்த்திருக்கவில்லை. கொழும்பில் கட்டட வேலைக்குப் போன அவள் புருசன் சாரத்திலிருந்து விழுந்து இறந்த செய்தியும் போனில்தான் வந்ததாம்.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். எங்களுக்கு போன் அடிச்சாலே கெட்ட சேதின்னுதான் நெனப்பு ஓடுது. மொதல்ல புள்ள நல்லாருக்குன்னு சொல்லிப்புடுங்க. மத்தத அப்பறம் ஆறுதலா சொல்லுங்க."

சுதர்ஷினிக்கு அதை விளக்கத் தேவையிருக்கவில்லை. அவளே பயத்தோடு பிறந்தவள். மழை பிடித்தால் பள்ளிக்குப் பின்னாலுள்ள மண்மேட்டைப் பார்த்துக்கொண்டே பாடம் நடத்துவாள். பிள்ளைகளின் காலில் அட்டை ஏறியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பாள். ஆட்டோ ஒன்று வேகமாக வந்தால், வாசலில் நிற்கும் பிள்ளைகளைக் கோழி குஞ்சுகளை அணைப்பதுபோல உள்ளே இழுத்துக்கொள்வாள். மேல்வகுப்புப் பையன்கள் அவளுக்குப் 'பயந்தாங்கொள்ளி டீச்சர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவளுக்கும் அது தெரியும்.

எல்லாவற்றையும்விட அவளுக்குப் பயம் குளவியிடம். தோட்டத்தில் யாருக்குத்தான் இல்லை? கொழுந்து பறிக்கும்போது கிளை ஒன்று அசைந்தால் போதும், கூடே எழுந்து வந்துவிடும்.

ஆகையால் சுற்றாடல் பாடத்துக்காகப் பிள்ளைகளை ஓடைக்கரைக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று வந்தபோது, அவள் முந்தின நாளே பள்ளி வேலையாள் முத்துலிங்கத்துடன் அந்த வழியை நடந்து பார்த்தாள். குறுக்குப் பாதையில் ஒரு டர்பன்டைன் மரத்தின் உச்சியில் பெரிய கூடு தொங்கியது. அன்று தொட்டிமேல் நின்று இப்படிச் சொன்னாள்:

"பிள்ளைங்க எல்லாரும் நல்லா இருக்காங்க. நாளைக்கு ஓடப் பக்கம் செடி கொடி பாக்கக் கூட்டிட்டுப் போறோம். ரோட்டாலதான் போவோம். குறுக்குல கூடு இருக்கு, நீங்களும் அந்தப் பக்கம் போகாதீங்க."

தனுஷனின் தகப்பன் ஜீவராஜ் கொழும்பில் ஹார்ட்வெயார் கடையில் நிற்பவர். வழக்கம்போல அவருடைய கட்டைவிரல் படம்தான் குழுவில் முதலில் வந்தது.

மறுநாள் வெயில் நன்றாக அடித்தது. ஓடைக்கரையில் பிள்ளைகள் வல்லாரையும் பெரணியும் தேடிப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அப்போது மேலே, குறுக்குப் பாதைப் பக்கமிருந்து ஓர் ஆண் குரல் கத்தியது.

"குளவி! குளவி! ஓடுங்க!"

பருந்து ஏதோ கூட்டைக் கலைத்துவிட்டதாகப் பிறகு சொன்னார்கள். அந்த நேரத்தில் சுதர்ஷினிக்குக் கேட்டது ரீங்காரம் மட்டும்தான். ஓடைக்கு இந்தப் பக்கம் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவம் இருந்தது. பிள்ளைகளை அதற்குள் தள்ளினாள். முத்துலிங்கம் கதவைச் சாத்தினார். இருந்த சாக்குகளையெல்லாம் எடுத்து ஜன்னலில் அடைத்தார்கள். இருட்டில் ஒவ்வொரு தலையாகத் தடவிப் பார்த்தாள். எல்லாரும் இருந்தார்கள். ஒருவரையும் கொட்டியிருக்கவில்லை.  அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போது போன் அதிர்ந்தது. விட்டு விட்டு அதிர்ந்துகொண்டே இருந்தது.

ஜீவராஜ்தான் தொடங்கியிருந்தார். "தோட்டத்துல குளவி கலைஞ்சிருச்சாம், இப்பதான் போன் வந்துச்சு. சின்னக் கிளாஸ் பிள்ளைங்க அங்கதான் போனாங்க. யாராச்சும் ஓடிப் பாருங்களேன்." அதற்குக் கீழே தாய்மாரின் குரல்கள். கடைசியில் பேச்சியம்மாவின் பதிவு. "டீச்சர்... எம்புள்ள..." அதற்குமேல் சொல் இல்லை. மூச்சும், தேயிலைச் செடிகள் படங்கில் உரசும் சத்தமும். ஓடிக்கொண்டே பேசியிருக்கிறாள்.

சுதர்ஷினிக்கு விளங்கிவிட்டது. தாய்மார் இன்று ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து பறிக்கிறார்கள். அங்கேயிருந்து ஓடைக்கு ஓடி வந்தால் குறுக்குப் பாதையால்தான் வருவார்கள். பிள்ளைகளைத் தேடி, குளவிக்குள்ளேயே வந்து விழுவார்கள்.

"பிள்ளைங்க எல்லாரும் நல்லா இருக்காங்க..." என்று பேசிப் பதிந்தாள். பழக்கப்படி காதில் வைத்துக் கேட்டாள். அவள் குரலுக்குப் பின்னால் பிள்ளைகள் ஓலமிட்டு அழுதார்கள். இதைக் கேட்கிற தாய் நிற்பாளா? இன்னும் வேகமாக ஓடுவாள். அழித்தாள்.

"இங்க பாருங்க," என்றாள் பிள்ளைகளிடம். "அம்மாவுக்கு நீங்க எங்க இருக்கீங்கன்னு தெரியல. போன்ல ஒவ்வொருத்தரா பேரச் சொல்லணும். அழாம, சத்தமா. அழுதா அம்மா பயந்துருவாங்க."

போனை ஒவ்வொரு வாய்க்கும் நேராக நீட்டிக்கொண்டே போனாள்.

"நான் தனுஷன். மடுவத்துல இருக்கேன்."

"ஷாமிலா."

கடைக்கார நஜீமின் மகள் அப்ரா விக்கலுக்கு நடுவே, "நான் அப்ரா, உம்மா," என்றாள்.

இப்படியே எல்லாரும் சொன்னார்கள். கடைசியில் பூரணி. அவள் ஓடிவந்து டீச்சரின் மடியில் ஏறியவள் இறங்கவே இல்லை. கண் அகல விரிந்திருந்தது. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை.

"சொல்லுடா தங்கம். பூரணின்னு சொல்லு."

உதடு மட்டும் அசைந்தது. காத்திருக்க நேரமில்லை. "பூரணியும் இருக்காங்க, எம் மடியிலதான் இருக்காங்க. யாரும் குறுக்கால வராதீங்க. ரோட்டால வாங்க," என்று சொல்லி அனுப்பினாள். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. போனைக் கூரையை நோக்கித் தூக்கிப் பிடித்தாள். போய்ச் சேர்ந்தது.

ஷாமிலாவின் அம்மாதான் முதலில் பேசினாள்.

"கேட்டுச்சுங்க டீச்சர், சாமி புண்ணியம். நாங்க ரோட்டால வாறோம். பேச்சிதான் நிக்கல. 'எல்லாப் புள்ளயும் பேசுது, எம்புள்ள கொரல் இல்லையே'ன்னுட்டு குறுக்கால ஓடிட்டா. புடிக்க முடியல."

சுதர்ஷினி பேச்சியம்மாவுக்குப் போன் எடுத்தாள். மணி அடித்தது, அவள் எடுக்கவில்லை.

"நான் போறேன் டீச்சர்," என்று முத்துலிங்கம் எழுந்தார். போன வருசம் குளவி கொட்டி நுவரெலியா ஆஸ்பத்திரியில் நாட்கணக்காகக் கிடந்தவர் அவர். இன்னொரு முறை கொட்டினால் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"நீங்க உக்காருங்க அண்ணே," என்றாள். "பிள்ளைங்கள வெளிய விட்டுறாதீங்க."

பூரணியைப் பிரித்து அவர் கையில் கொடுத்துவிட்டு, ஒரு கொழுந்துச் சாக்கைத் தலைமேல் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். கதவு பின்னால் சாத்திக்கொண்டது. அந்தச் சத்தம் கேட்டதும் திரும்பி ஓடிவிட வேண்டும்போல இருந்தது. ஓடைப் பாலத்தைத் தாண்டி மேட்டில் ஏறினாள். காற்றில் கரும்புள்ளிகள் சுழன்றன. புறங்கையில் நெருப்புக் கொள்ளியால் சுட்டதுபோல ஒன்று கொட்டியது. பிறகு கழுத்தில். கத்தக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பேச்சியம்மா செடிகளுக்கு நடுவே கையை வீசிக்கொண்டு வந்தாள். முகத்தைச் சுற்றிக் குளவி. ஒரு கண் ஏற்கெனவே மூடியிருந்தது.

சுதர்ஷினி அவளைக் கட்டிப் பிடித்துத் தரையில் சாய்த்தாள். சாக்கை இரண்டு பேருக்கும் மேலே இழுத்து மூடினாள். "அசையாதீங்க. அசையாதீங்க அக்கா. அசைஞ்சா விடாது."

சாக்கின்மேல் அவை வந்து வந்து மோதின. இருட்டில் பேச்சியம்மா திமிறினாள்.

"எம்புள்ள எங்க? பொய் சொல்றீங்க. எல்லாப் புள்ளயும் பேசுச்சு. எம்புள்ளக்கி என்ன ஆச்சு?"

"நல்லா இருக்காங்க அக்கா..."

"நல்லாருக்குன்னுதான் எப்பவும் சொல்லுவீங்க!"

  சுதர்ஷினி இருட்டில் தடவிப் பேச்சியம்மாவின் கையைப் பிடித்தாள். அதைத் தன் மடிக்கு இழுத்து, சேலையின்மேல் வைத்து அழுத்தினாள். பூரணி உட்கார்ந்திருந்த இடம் தொப்பலாக நனைந்திருந்தது. பயத்தில் பிள்ளை அங்கேயே மூத்திரம் பெய்திருந்தாள். இன்னும் சூடு ஆறவில்லை.

பேச்சியம்மாவின் விரல்கள் அந்த ஈரத்தைத் தடவின. திமிறல் நின்றது.

ரீங்காரம் மெல்ல மெல்ல விலகியது. இரண்டு பேரும் சாக்குக்குள்ளேயே குனிந்து, இடறி இடறி, பாலத்தைத் தாண்டி இறங்கினார்கள். ரோட்டுப் பக்கம் மற்றத் தாய்மாரின் குரல்கள் கேட்டன. முத்துலிங்கம் மடுவத்துக் கதவைத் திறந்து, உள்ளேயிருந்து பூரணி "அம்மா" என்று கத்தும்வரை, பேச்சியம்மா அந்த நனைந்த சேலையைக் கைப்பிடியிலிருந்து விடவில்லை.